சேத்துக்காரர் வீட்டுத் தரை

பட்டறையில் அவருக்குச் சேத்துக்காரர் என்றுதான் பெயர். முதலாளி கூப்பிடுவதும் அப்படித்தான், கூட வேலை பார்ப்பவர்கள் கூப்பிடுவதும் அப்படித்தான். வீட்டில் மனைவிக்குக் கோபம் வந்தால், "போய் அந்தச் சேத்துக்காரர்கிட்டயே கேளு" என்று மகளிடம் சொல்வாள். அவருக்கு இதிலெல்லாம் குறை இல்லை. "சேத்துல கால் வெச்சாதான் சோத்துல கை. மத்தவனுக்கு வயல் சேறு, நமக்கு மெஷின் சேறு. அவ்ளோதான் வித்தியாசம்" என்பார்.

அது காந்தம் அறுக்கும் பட்டறை. எங்கோ தூரதேசத்திலிருந்து செங்கல் மாதிரி சாம்பல் நிறக் கட்டிகள் வரும். அவற்றை அறுத்து, தேய்த்து, சின்னச் சின்ன வில்லைகளாக்கி, மோட்டார் செய்கிறவர்களுக்கும் ஒலிபெருக்கி செய்கிறவர்களுக்கும் அனுப்புவார்கள். தேய்க்கும்போது தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தேய்ந்த தூளும் தண்ணீரும் சேர்ந்து கீழே தொட்டியில் கறுப்பாகப் படியும். அதுதான் சேறு. வந்த கட்டியில் மூன்றில் ஒரு பங்கு இப்படிச் சேறாகவே போய்விடும். தொட்டியை வழித்து, டிரம்மில் அடைத்து, வெளியே கொண்டு போவது அவர் வேலை. மகள் பள்ளியில் சேர்வதற்கு முன்பிருந்தே அதே வேலை. கைரேகைக்குள் போன கறுப்பு எந்தச் சோப்புக்கும் அசையாமல் அங்கேயே குடியிருந்தது.

சேறு காயக்கூடாது. காய்ந்தால் தானாகவே கனன்று தீப்பிடித்துக்கொள்ளும். புதிதாக வந்த ஒருவர் ஒருமுறை டிரம்மை வெயிலில் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது டிரம்முக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து சேத்துக்காரர் எல்லாருக்கும் சொல்லும் பாடம் ஒன்றுதான்: "சேத்துக்குத் தாகம் எடுக்க விடாதே."

முதலாளிக்குச் சேறு என்றாலே முகம் சுளிக்கும். கொட்ட இடம் இல்லை. வாய்க்கால் பக்கம் கொட்டினால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் ஒருநாள், "எங்கயாவது கொண்டு போய்த் தொலைச்சிட்டு வாய்யா. எங்கேன்னு எங்கிட்ட சொல்லாதே. எனக்குத் தெரியவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

அதே சமயம் வீட்டுப் பிரச்சினை ஒன்று இருந்தது. அவர்கள் வீடு பள்ளத்தில் இருந்தது. மழை பெய்தால் விருந்தாளிக்கு முன்னால் தண்ணீர் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மனைவி தையல் வேலை செய்பவள். முன்னறையில் தையல் மெஷினை நாலு கல் மேல் ஏற்றிவைத்து, தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு மிதித்த நாள்கள் உண்டு. அவள் தம்பி கொத்தனார். அவன்தான் ஒருநாள் டிரம்முக்குள் கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்து, "மச்சான், இதுல சிமெண்டையும் ஜல்லியையும் போட்டு அடிச்சா இரும்பு மாதிரி நிக்கும். சும்மா கிடைக்கிற சரக்கை ஏன் ஊருக்கெல்லாம் தானம் பண்றீங்க?" என்றான்.

ஆண்டுக்கு ஓர் அறையாக அடித்தார்கள். முதலில் சமையலறை, அப்புறம் படுக்கும் அறை, அப்புறம் குளியலறை, பின்வாசல் படி, கடைசியில் முன்னறை. தரை மூன்று சாண் உயர்ந்தது. தண்ணீர் வாசலோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டது. கறுப்பாக, வழவழவென்று, கோடையிலும் குளிர்ந்து கிடக்கும் தரை. ஒரே ஒரு தொல்லைதான். கீழே சிதறிய ஊசிகளை எடுக்க மனைவி ஒரு காந்தத்துண்டு வைத்திருந்தாள். அதைத் தரைக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டு போனால் போதும், ஊசியை விட்டுவிட்டுத் தரையைப் போய்க் கவ்விக்கொள்ளும். "இந்த வீட்ல மனுசங்களை விடத் தரைக்குத்தான் பாசம் ஜாஸ்தி" என்று அவள் அதைப் பிய்த்து எடுப்பாள்.

மகள் அந்தத் தரையில் குப்புறப் படுத்துத்தான் படித்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வேதியியல் பட்டம். கல்லூரியில் தனிமங்களின் அட்டவணையை ஒரு பெரிய தாளில் வரையச் சொன்னார்கள். எல்லாவற்றையும் வரைந்துவிட்டு, கீழே தனியாகத் தொங்கும் இரண்டு வரிசைகளுக்கு வந்தபோது அவளுக்கு அலுத்துப்போனது. "அது ரெண்டும் பரீட்சைக்கு வராது, விட்டுடுங்க" என்று பேராசிரியரே சொல்லியிருந்தார். விட்டுவிட்டாள். படித்து முடித்தும் வேலை சரியாக அமையவில்லை. ஒரு கடையில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலையில் இருந்தாள். படிப்பு தனக்கு என்ன செய்தது, தான் படிப்புக்கு என்ன செய்தோம் என்ற கேள்வி அவளைப் பேருந்தில் போகும்போதெல்லாம் பிடுங்கும்.

அப்படியிருக்கையில் கட்டி வருவது நின்றது.

கட்டி அனுப்பும் நாடு கதவை இழுத்துச் சாத்திவிட்டது. இனிமேல் யாருக்குத் தருவது, எவ்வளவு தருவது என்று அவர்கள் அரசாங்கம்தான் தீர்மானிக்குமாம். இங்கே இருந்த அரசாங்கமும் விழித்துக்கொண்டது. 'ரேர் எர்த்' எனப்படும் அருமண் என்ற சொல் எல்லாச் செய்திகளிலும் வந்தது. அருமண் இல்லாவிட்டால் மோட்டார் இல்லை, விமானம் இல்லை, மருத்துவமனைக் கருவி இல்லை என்று பேசினார்கள். நாட்டுக்குள் யார் கையில் எவ்வளவு அருமண் இருக்கிறது என்று கணக்கெடுக்கத் தனியாக ஒரு கண்காணிப்புப் பிரிவு வந்தது. கடந்த சில வருஷங்களில் வாங்கியதற்கும் விற்றதற்கும் ஒவ்வொரு பட்டறையும் கணக்குக் காட்ட வேண்டும். காட்டினால்தான் இருப்பில் உள்ள கட்டியில் பங்கு கிடைக்கும். கணக்கு உதைத்தால் அது கடத்தல். கடத்தலுக்குச் சிறை.

இவர்கள் பட்டறைக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம்.

ஒரு பெண் அதிகாரி வந்தார். சின்ன வயது, நிதானமான குரல். முதலாளியின் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். சேத்துக்காரரையும் கூப்பிட்டார். உள்ளே நடந்ததை அன்று மாலையே அவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டு, ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி விவரித்தார்.

"அந்தம்மா கேட்டாங்க, 'இங்கிருந்து அருமண்ணை வெளியே கொண்டு போனது யாரு'ன்னு. நான் சொன்னேன், 'அருமண்ணா? நான் அதைக் கண்ணால பாத்ததே இல்லீங்க மேடம்.' 'நல்லா யோசிச்சுச் சொல்லுங்க'ன்னாங்க. 'இதுல யோசிக்க என்ன இருக்கு? நான் இருக்கற பக்கமே அது வந்ததில்லீங்க'ன்னேன். எழுதிப் படிச்சுக் காட்டினாங்க. கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். அவ்ளோதான். மடியில கனமில்ல, வழியில பயமில்ல."

"முதலாளி அங்க இருந்தாரா?" என்று கேட்டாள் மகள்.

"பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. ஒண்ணும் பேசல. ஜன்னலையே பாத்துட்டு இருந்தாரு."

"அருமண்ணுன்னா என்னன்னு நினைச்சீங்கப்பா?"

"என்னமோ தங்கத்தூள் மாதிரி இருக்கும்போல. முதலாளி பூட்டி வெச்சிருப்பாரு. எவனோ நோண்டிட்டுப் போயிருக்கான்."



"அப்பா, சேறு எதுல இருந்து வருது?"

"இது என்ன கேள்வி பாப்பா? கட்டியைத் தேய்ச்சா வருது."

"கட்டி எதுல செஞ்சது?"

 அவர் தேநீர்க் குவளையைத் தரையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. கை இருந்த இடத்தைப் பார்த்தார். அப்புறம் சமையலறைப் பக்கம், படுக்கும் அறைப் பக்கம், முன்னறைப் பக்கம் என்று பார்வை தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டு போனது.

"அடக் கடவுளே" என்றார். "சேறுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே பாப்பா. மண்ணுன்னு கேட்டாங்களே."

 அவரைக் குறை சொல்ல மகளுக்கு என்ன தகுதி? அப்பாவுக்குத் தெரியாதது நியாயம். பரீட்சைக்கு வராது என்று தான் விட்டுவிட்ட அந்த அருமண் வரிசை, வரைந்துகொண்டிருந்த தாளுக்கு நேர் கீழே, வயிற்றுக்கு அடியில் குளிர்ந்து கிடந்திருக்கிறது. மூன்று வருடம் படித்தவளுக்கு ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லையே, இந்தத் தரை ஏன் காந்தத்தைப் பிடிக்கிறது என்று?

அடுத்த நாள் முதலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "எல்லாரையும் கேட்டாச்சு. டிரம்மை வெளியே கொண்டு போனது நீ மட்டும்தான்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் அதைத்தானே சொல்ல முடியும்? யாருக்காவது வித்திருந்தா சொல்லிடு."

"நீங்கதானே முதலாளி சொன்னீங்க, எங்கயாவது தொலைச்சிட்டு வான்னு?"

"தொலைச்சிட்டு வான்னுதானே சொன்னேன். வெச்சுக்கன்னா சொன்னேன்?" அவர் மெதுவாகத்தான் சொன்னார். "நான் இங்க இத்தனை பேருக்கு வேலை குடுக்கணும்யா. கணக்கு நேராகலைன்னா கட்டி வராது. கட்டி வரலைன்னா பட்டறைக்குப் பூட்டு. என்னையும் கொஞ்சம் நினைச்சுப் பாரு."

மறுவாரம் கண்காணிப்புப் பிரிவு அலுவலகத்துக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது. வரும்போது, காணாமல் போனது எங்கே என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் வழக்கு.

வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை. கொத்தனார் மாமா வந்திருந்தான். அம்மா மெஷினை விட்டு எழுந்திருக்காமல், மிதிக்காமல், சும்மா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மழையில போயிடுச்சுன்னு சொல்லுங்க மச்சான்" என்றான் மாமா. "வாய்க்கால்ல கொட்டினேன், வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சுன்னு. தண்ணியைக் கூப்பிட்டா சாட்சி கேக்க முடியும்?"

"யார் நம்புவா? நான் பாத்ததே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன் மாப்ள. இப்ப கொட்டினேன்னு சொன்னா, அன்னிக்கு ஏண்டா பொய் சொன்னேன்னு கேக்க மாட்டாங்க?"

"அப்ப வீட்டைக் காட்டிக் குடுக்கப் போறீங்களா?" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "பொறந்த வீட்ல ஒரு மூலை குடுக்கல எனக்கு. இங்க வந்து தண்ணியில நின்னு தைச்சேன். நின்னு நின்னு கால் வெளுத்துப் போச்சு. இப்பதான் காஞ்ச தரையில காலை வெச்சிருக்கேன். அதுவும் பொறுக்கலையா?"

"நான் என்ன ஆசைப்பட்டா சொல்றேன்? முன்னால போனா முட்டுது, பின்னால வந்தா உதைக்குது."

"ஜெயிலுக்குப் போனா நீங்க மட்டும்தான் போவீங்க. வீடு போனா நாங்க எல்லாரும் போவோம்" என்று சொல்லிவிட்டு அம்மா உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லிய சொல்லைத் திரும்ப உள்ளே தள்ளப் பார்ப்பவள் போல இருந்தது.

 சேத்துக்காரர் மகள் பக்கம் திரும்பினார்.

"நீ படிச்சவ. நீ சொல்லு பாப்பா. நீ சொல்றபடி செய்யறேன்."

அவள் இந்த வார்த்தைக்காகத்தான் பயந்துகொண்டிருந்தாள். அப்பா எதையும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. மின்கட்டணம் எங்கே கட்டுவது, மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, இந்த அளவுதான். இது வேறு. இதில் தப்பினால் திருத்திக்கொள்ள முடியாது.

அவள் புதுச் சட்டத்தைக் கைபேசியில் தேடி எடுத்து இரண்டு இரவாக வாசித்திருந்தாள். அதில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்: தம்மிடம் உள்ள அருமண்ணைத் தாமே முன்வந்து தெரிவித்து ஒப்படைப்பவர் மீது, ஒப்படைத்த அளவுக்கு, வழக்கு இல்லை.

"உண்மையைச் சொல்லிடலாம்ப்பா" என்றாள். "நாமளா போய்ச் சொன்னா கேஸ் கிடையாது. சட்டத்துலயே இருக்கு. சிமெண்டோட கலந்துபோனதைத் திரும்ப எடுக்கறதுக்கு ஆகற செலவு, அந்த அருமண்ணோட மதிப்பை விட ஜாஸ்தி. அவங்களுக்கே தெரியும். வந்து பாத்துட்டு, சரின்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

"நிஜமா?" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரிஞ்ச கெமிஸ்ட்ரி அதாம்மா சொல்லுது."

மாமா எழுந்து செருப்பைப் போட்டான். "கெமிஸ்ட்ரி சொல்லும். கவர்மெண்டு சொல்லணுமே" என்றான்.

அலுவலகத்தில் அதிகாரி பழைய வாக்குமூலத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சேறுன்னுதான் உங்களுக்குத் தெரியும், அருமண்ணுன்னு தெரியாது. இதை நான் நம்பணும்?"

"நம்ப வேண்டாங்க மேடம். வந்து பாருங்க."

வந்தார்கள். அதிகாரி, ஒரு பொறியாளர், துளைக்கருவியோடு இரண்டு ஆட்கள். அதிகாரி வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அம்மாவுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பொறியாளர் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஒவ்வோர் அறையாகத் தரைமேல் தொங்கவிட்டுக்கொண்டே போனார். எல்லா இடத்திலும் அது கீழே இழுத்தது. நான்கைந்து இடத்தில் துளையிட்டு, கை நீளக் கறுப்பு உருளைகளாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

"ஏம்மா, வீடு கட்ட வேற சாமானே கிடைக்கலையா?" என்று பொறியாளர் சிரித்தார். "நாட்டுலயே விலை உயர்ந்த தரை உங்களுதுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். சேத்துக்காரர்கூடச் சிரித்தார். மகள் அந்தச் சிரிப்பைப் பார்த்து, முடிந்துவிட்டது, பிழைத்துவிட்டோம் என்று நினைத்தாள். அந்த ஒரு வாரம் வீட்டில் மறுபடி சமையல் நடந்தது. அம்மா மெஷினுக்கு எண்ணெய் போட்டாள்.

பரிசோதனை முடிவோடு அதிகாரி திரும்பி வந்தபோது உட்காரவில்லை.

"நீங்க சொன்னது உண்மை. இது உங்க பட்டறைச் சேறுதான்" என்றார். "இதை அரசாங்கம் எடுத்துக்கும். தரையை உடைக்கணும்."

"மேடம்," மகள் முன்னால் வந்தாள். "இதைப் பிரிச்சு எடுக்கறது கட்டுப்படியாகாது. உங்க பொறியாளரைக் கேளுங்க. இதனால யாருக்கும் ஒரு மோட்டார்கூடக் கிடைக்காது."

"தெரியும்மா. இதை யாரும் பிரிக்கப் போறதில்ல. கொண்டு போய் ஒரு கிடங்குல வெப்போம்."

"அப்புறம் எதுக்கு?"

அதிகாரி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் மகளுக்கு இன்னும் கலக்கமாக இருந்தது. "காணோம்னு ஒரு எண் மேலே போயிருக்கு. அந்த எண் என்ன ஆச்சுன்னு மேலே இருந்து கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொரு வாரமும். கிடைச்சுதுன்னு நான் சொல்லணும்னா அது என் கையில இருக்கணும். உங்க வீட்டுக்குள்ள இருந்தா அது கிடைச்சதா ஆகாது. இன்னொண்ணும் சொல்லிடறேன். ஒப்படைச்ச அளவுக்குத்தான் வழக்கு இல்ல. கிடைக்காத மிச்சம் உங்கப்பா பேர்லதான் நிக்கும்."

ஒப்படைத்த அளவுக்கு. அந்தச் சொல்லை அவள் வாசித்திருந்தாள். கண் அதன்மேல் ஓடித்தான் போயிருந்தது. 'வழக்கு இல்லை' என்ற முடிவைப் பார்க்கிற அவசரத்தில், நடுவில் நின்ற அந்த இரண்டு சொல் அவளுக்கு வெறும் வழியாகத் தெரிந்திருந்தது. உண்மையைச் சொன்னால் போதும் என்று யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது? எந்தப் பாடத்தில் படித்தாள்?

உடைப்பு ஆரம்பித்தது. சமையலறையில் முதலில். பாத்திரங்களைப் பக்கத்து வீட்டில் கொண்டு போய் வைத்தார்கள். மாமா தான் அடித்த தரையைத் தானே பார்க்க முடியாமல் தெருமுனையில் போய் நின்றுகொண்டான். தரை லேசில் விடவில்லை. கருவியின் அலறலுக்கு நடுவே ஒரு கூலியாள், "யாருய்யா போட்டது இதை? நல்லா வயித்தெரிச்சலோட போட்டிருக்கான்" என்று கத்தினான். உடைசலைச் சாக்கில் கட்டி வாசலில் எடைமேடையில் ஏற்றினார்கள். எவ்வளவு எடைக்கு எவ்வளவு அருமண் என்று பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்ல, அதிகாரி குறித்துக்கொண்டார்.

முதலில் சேத்துக்காரர் ஓரமாகத்தான் நின்றார். கருவி நடுச்சுவருக்கு அருகே வந்தபோது, "பாத்துங்க, பாத்துங்க, சுவரை விட்டுடுங்க, அங்கெல்லாம் அவ்ளோ இல்லீங்க" என்று கைகூப்பிக்கொண்டு பின்னாலேயே போனார். ஆட்களும் முடிந்தவரை விட்டுக்கொடுத்துத்தான் உடைத்தார்கள். சமையலறை, படுக்கும் அறை, குளியலறை, பின்வாசல் படி. அம்மா மட்டும் முன்னறையை விட்டு நகரவில்லை. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, வீடு அதிர அதிர, யாருடைய திரைச்சீலைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தையல் நேராகவே போகவில்லை. பிரித்துப் பிரித்து மறுபடி அடித்தாள்.

சாயங்காலம் பொறியாளர் கூட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். குறைகிறது. கொஞ்சநஞ்சம் இல்லை, நல்ல குறை.

"மழையில எத்தனையோ தடவை கரைஞ்சு போயிருக்குங்க" என்றார் சேத்துக்காரர். "டிரம்முல இருந்து வழியில சிந்தியிருக்கும். வாய்க்கால்ல கழுவியிருக்கேன். அதுக்கெல்லாம் நான் எங்க போவேன்?"

"கொஞ்சம் குறைஞ்சா சேதாரம்னு எழுத எனக்கு இடம் இருக்கு" என்றார் அதிகாரி. "இவ்வளவு குறைஞ்சா இல்ல. முன்னறையை விட்டுடலாம்னு பாத்தேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்களே சொல்லுங்க. நான் என்ன எழுத?"

சேத்துக்காரர் நடுச்சுவரைப் பார்த்தார். காலையில் கைகூப்பிக் காப்பாற்றிய சுவர்.

"சுவருக்கு அடியில இருக்குங்க" என்றார்.

மகள் திரும்பினாள். "அப்பா?"

"இருக்கு. அங்கதான் கெட்டியாப் போட்டோம். உடைங்க. அந்தப் பக்க மூலையிலயும் இருக்கு. இவங்க பாதி விட்டுட்டாங்க, எனக்குத் தெரியும். வாங்க, காட்டறேன்." அவர் உள்ளே ஓடினார். காலையில் சுவரை விடச்சொல்லி அவர் யார் பின்னால் ஓடினாரோ, அதே ஆட்கள் இப்போது அவர் பின்னால் போனார்கள். விரலால் தட்டித் தட்டி, இங்கே, இங்கே, இது வெறும் மண், இதை விடுங்க, இங்கே அள்ளுங்க என்று தன் வீட்டை அவரே காட்டிக்கொடுத்துக்கொண்டு போனார். சாக்கில் அள்ளும்போது கீழே சிந்திய தூளைக்கூட விடாமல் கையால் கூட்டிப் போட்டார். சுவர் விரிசல் விட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. எடைமேடை ஒவ்வொரு முறை இறங்கும்போதும், "சேந்துதா? இப்ப சேந்துதா?" என்று கேட்டார்.

சேரவில்லை.

அவர் முன்னறை வாசலில் வந்து நின்றார். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. உடம்பெல்லாம் கறுப்பு, கண் மட்டும் வெள்ளையாக.

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். திரைச்சீலையை மடித்தாள். "தூக்குடி" என்றாள் மகளிடம்.

இரண்டு பேருமாக மெஷினைத் தூக்கித் தெருவில் கொண்டு போய் வைத்தார்கள். அம்மா அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

முன்னறையும் உடைந்தது. கடைசிச் சாக்குகள் எடைமேடையில் ஏறின. பொறியாளர் கூட்டினார், மறுபடி கூட்டினார், அதிகாரியிடம் காட்டினார். அதிகாரி நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"போதும்" என்றார். "கணக்கு சரியாப் போச்சு. சேதாரத்துக்குள்ள வந்துடுச்சு. உங்க மேல இனி ஒண்ணும் இல்ல. நான் எழுதிடறேன்."

மாமா தெருமுனையிலிருந்து ஓடி வந்தான். மகள் அப்படியே உடைசல் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஆட்கள் கருவியைச் சுருட்டத் தொடங்கினார்கள். இனி ஜெயில் இல்லை. இனி நிற்க இடமும் இல்லை. ஆனாலும் அப்பா வெளியில் இருக்கிறார். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு நாளை எங்காவது தொடங்கலாம் என்று ஒரு நினைப்பு அவளுக்குள் தலை தூக்கியது.

உள்ளே ணங் ணங் என்று சத்தம் கேட்டது.

அப்பா ஒரு கடப்பாரையை எடுத்து, வாசற்படியை ஒட்டியிருந்த கடைசிக் கறுப்பு ஓரத்தைக் குத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா, போதும்னுட்டாங்கப்பா. முடிஞ்சுது. வெளியே வாங்க."

அவர் குத்துவதை நிறுத்தவில்லை.

"மச்சான், விடுங்க மச்சான்!" மாமா போய்க் கையைப் பிடித்தான். அவர் உதறினார்.

"மேடம் போதும்னுட்டாங்கப்பா!"

"இன்னிக்குப் போதும்" என்றார். மூச்சு வாங்கியது. "மிச்சம் வெச்சா நாளைக்கு வேற ஆள் வருவான். இது யாருது, ஏன் சொல்லலன்னு கேப்பான். பொடி கூட இருக்கக்கூடாது பாப்பா. பொடி கூட."

மகள் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள். இல்லை, அப்படியெல்லாம் யாரும் வரமாட்டார்கள் என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அதிகாரி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்ததும் எடைமேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சட்டத்தை இந்தத் தடவை அவள் ஒவ்வொரு சொல்லாக நினைத்துப் பார்த்தாள். தெரிவிக்காத இருப்பு எவ்வளவு சிறிதானாலும் குற்றம். அப்பா சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

அவள் ஒரு சாக்கை எடுத்து, வாயை அகலமாக விரித்து, அவர் குத்துகிற இடத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டாள்.